ஒரு லட்சம் டெம்ப், ஒரு வெடி

அத்தியாயம் 6

கல்யாண மாப்பிள்ளைகளைத் துப்பறிந்தே பழகிய கண்ணுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியும் மாப்பிள்ளை வீடு மாதிரிதான் தெரியும். ஏசி போடுகிறார்கள், சிரிக்கிறார்கள், பிஸ்கட் தருகிறார்கள், விஷயத்தை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஸ்ரீரஞ்சனி இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, மேஜைமேல் இருந்த துண்டுச் சீட்டை மறுபடி படித்தாள்.

"ஒரு வெடி வைத்திருக்கிறேன். பெயர் டெம்ப். 2000 பிறக்கும்போது வெடிக்கும்."

பிரிண்டரில் அடித்தது. கையெழுத்து கிடையாது. நேற்று, புதன்கிழமை காலை, ஃபேக்ஸ் மெஷின்மேல் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"நிஜ வெடி இல்லீங்களே?" என்று கேட்டான் அவளுடைய உதவியாளன் மதலைமுத்து. கேட்கும்போதே நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

"புரோகிராம்குள்ள ஒளிச்சு வைக்கிற வெடி," என்றார் சேஷகிரி, கன்னடம் கலந்த தமிழில். "நாள் வந்தா தானா கிளம்பி எல்லா ரெக்கார்டையும் அழிச்சிடும். நோடி மேடம், பாருங்க, இது அமெரிக்காவுல ஒரு ரத்த வங்கியோட புரோகிராம். யாருக்கு எந்த குரூப் ரத்தம்னு இதுலதான் இருக்கு."

சேஷகிரி அந்தக் கம்பெனியின் புராஜெக்ட் மேனேஜர். கம்பெனி இருந்தது பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டின்மேல், இரண்டு கார்மென்ட் ஃபேக்டரிகளுக்கு நடுவே. வருஷம் 1999, அக்டோபர் மாதம். பழைய புரோகிராம்களில் எல்லாம் வருஷத்தை வெறும் 99 என்று இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 2000 பிறந்தால் அது 00 ஆகிவிடும், கம்ப்யூட்டர் நூறு வருஷம் பின்னால் போய்விடும் என்று உலகம் பயந்துகொண்டிருந்தது. அந்தப் பயத்தை நம்பித்தான் பாதி பெங்களூரு வீடு கட்டிக்கொண்டிருந்தது.

சேஷகிரியின் கீழ் இருபத்துநாலு பேர் பதினாலு மாதமாக அந்த இரண்டு இலக்கத்தை நாலாக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறாயிரத்து முந்நூறு ஃபைல், நாற்பத்திரண்டு லட்சம் வரி. இன்று ஐந்து மணிக்கு அத்தனையும் டேப்பில் ஏறிக் கூரியரில் பறக்க வேண்டும். இப்போது மணி இரண்டு பத்து.

"வச்சது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் சேஷகிரி. "லவினான்னு ஒரு பொண்ணு. திங்கட்கிழமை எங்கிட்ட பெரிய சண்டை போட்டா. டிஸ்மிஸல் லெட்டர் டைப் ஆய்த்து. ஐஞ்சு மணிக்கு எம்.டி. கையெழுத்து போடுவார். வெளியாள் ஒருத்தர் விசாரிச்சு எழுதிக் கொடுக்கணும்னு க்ளையன்ட் கேட்டான். அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"பெங்களூர்ல இத்தனை டிடெக்டிவ் இருக்கறப்போ எங்களை ஏன்?"

"யெல்லோ பேஜஸ்ல கல்யாண விசாரணையில எக்ஸ்பர்ட்னு போட்டிருந்துது. ஆளை எடை போடத் தெரிஞ்சவங்களா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

முத்து குனிந்து அவள் காதருகே கேட்டான். "மேடம், இது பாராட்டா, திட்டா?"

"ஐஞ்சு மணிக்குச் சொல்றேன்."

தேடுவதற்கு ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். அதில் எல்லா ஃபைலையும் படிக்கலாம், எதையும் மாற்ற முடியாது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஆறு மாதக் கோர்ஸ் முடித்த பெருமையோடு முத்து உட்கார்ந்து, டெம்ப் என்ற வார்த்தையைத் தேடச் சொல்லித் தட்டினான். திரை ஓடத் தொடங்கியது. ஓடிக்கொண்டே இருந்தது. முத்து காபி குடித்துவிட்டு வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு எண்ணைக் காட்டி நின்றது: 1,14,306.

"வைக்கோல் போர்ல ஊசியைத் தேடுன்னா தேடலாம் மேடம். இவங்க வைக்கோல் போர்ல ஒரு வைக்கோலைத் தேடச் சொல்றாங்க."

"அதென்ன டெம்ப்?"

"டெம்பரரி. கொஞ்ச நேரத்துக்கு ஒரு நம்பரைப் போட்டு வைக்க ஒரு டப்பா வேணும், பேர் யோசிக்கச் சோம்பல். அப்போ எல்லாரும் வைக்கிற பேர். பிறந்த பிள்ளைக்கெல்லாம் பாப்பான்னு பேர் வச்ச மாதிரி. ஒரு டெம்ப்புக்கு ஒரு நிமிஷம்னு பார்த்தாலும் சோறு தூக்கம் இல்லாம எண்பது நாள் ஆகும்."

ஸ்ரீரஞ்சனிக்கு உறுத்தியது வேறு. மிரட்டுகிறவன் பேரைச் சொல்லாமல் இருக்கலாம். சொன்னால் கண்டுபிடிக்கிற மாதிரி சொல்லலாம். தேடவே முடியாத ஒரு பேரை மெனக்கெட்டு எழுதிக் கொடுப்பானேன்?

சேஷகிரி எட்டிப் பார்த்தார். திரையில் இருந்த எண்ணைப் பார்த்து வருத்தமாகத் தலையாட்டினார். அந்த வருத்தம் கொஞ்சம் சீக்கிரமாகவே தயாராக இருந்தது போலிருந்தது.

"கஷ்டம்தான் மேடம். ஒண்ணு பண்ணலாம். நாலு மணிக்கு மேல நானே உட்கார்ந்து லவினா ஃபோல்டரை மட்டும் அலசறேன். என் கண்ணுக்குத் தப்பாது. ஒரு காலத்துல இந்த ஊர்ல முதல் பத்து புரோகிராமர்னா அதுல நான் ஒருத்தன்."

"இப்ப எழுதறதில்லையா?"

"மேனேஜர் ஆனப்புறம் ஆறு வருஷமா கீபோர்டே தொட்டதில்லை."

"லவினா ஃபோல்டர்ல வேற யாராவது கை வச்சிருக்கலாமோ?"

"சான்ஸே இல்லை. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. அதோட காப்பி சீல் வச்ச கவர்ல என் பீரோவுல இருக்கு. பீரோ சாவி என் இடுப்புல." இடுப்பைத் தட்டிக் காட்டினார். "அவளைத் தவிர ஒருத்தர் தொட முடியாது."

லவினா மொட்டை மாடிக் கேண்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. காலையில் எல்லோர் முன்னாலும் அவளுடைய கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி, இங்கே போய் உட்காரச் சொல்லியிருந்தார்கள். டிபன் பாக்ஸை அவள் திறக்கவே இல்லை.

"எந்த ஏரியாம்மா?" என்றான் முத்து.

"விவேக் நகர் அண்ணா. குழந்தை இயேசு கோயிலுக்குப் பின் தெரு."

"அட, நானும் அங்கதான். ஞாயித்துக்கிழமை பூசைக்கு லேட்டா வந்து தூணுக்குப் பின்னாடி நிப்பானே ஒருத்தன், அது நான்தான்."

அவள் சிரிக்கவில்லை. ஸ்ரீரஞ்சனியைப் பார்த்துச் சொன்னாள்.

"லெட்டர்ல நாசவேலைன்னு போட்டிருக்காங்களாம் மேடம். இந்த ரோட்டுல எல்லா கம்பெனிக்காரங்களும் ஒருத்தருக்கொருத்தர் ஃபோன்ல பேசிப்பாங்க. நாளைக்கு நான் எங்க போய் நின்னாலும் ரத்த வங்கியை அழிக்கப் பார்த்தவள்னுதான் பேர் இருக்கும். எங்கம்மா நர்ஸு. முப்பது வருஷமா ராத்திரி பகல்னு பார்க்காம ஆஸ்பத்திரியில நின்னவங்க. அவங்க முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

"திங்கட்கிழமை என்ன சண்டை?"

"சண்டையே இல்லை. ஒரு மெமோ கொடுத்தேன். ஆறாயிரத்து முந்நூறு ஃபைலும் முடிஞ்சுதுன்னு சேஷகிரி சார் அமெரிக்காவுக்கு எழுதிட்டார். ஆனா இருநூத்திப் பன்னெண்டு ஃபைலை யாருமே திறக்கலை. எனக்குக் கொடுத்த முந்நூத்தி நாப்பதுல எனக்கே பன்னெண்டு பாக்கி. லிஸ்ட்டோட எழுதிக் கொடுத்தேன். 'யாருக்குத் தெரியப் போகுது, சும்னே இரு'ன்னார். எம்.டி.கிட்ட போறேன்னு சொன்னேன். ரெண்டு நாள்ல சீட்டு வந்துடுச்சு."

"அத்தனை ஆயிரம் ஃபைல்ல இதையெல்லாம் யாரும் திறக்கலைன்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

லவினா முதல்முறையாக லேசாகச் சிரித்தாள். "சாமி இல்லாத ஃபைல் எல்லாம் திறக்காத ஃபைல் மேடம்."

அந்த ஆபீஸில் யாரும் உத்தரவு போடாமல் வந்த ஒரு வழக்கம் அது. ஒரு ஃபைலில் கை வைக்கும் முன் முதல் வரியில் அவரவர் சாமியை எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பு வரிதான் அது. ஒருவர் ஓம் என்பார், ஒருவர் ஸ்ரீ என்பார். ஃப்ரேசர் டவுன்காரர் ஒருவர் 786 என்று போடுவார். லவினா எழுதுவது ஜே.எம்.ஜே. டேப்பில் ஏற்றும்போது ஒரு சின்ன புரோகிராம் அந்த வரிகளை எல்லாம் துடைத்துவிடும். ரத்த வங்கிக்காரர்களுக்கு நம் சாமிகள் போய்ச் சேர்வதில்லை.

"ஜே.எம்.ஜே.ன்னா?" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"ஜீசஸ், மேரி, ஜோசப். தமிழ்ல இயேசு, மரி, சூசை," என்றான் முத்து. "கான்வென்ட்ல எந்த நோட்டை எடுத்தாலும் முதல் வரி அதுதான். எழுதாம கணக்கு போட்டா சிஸ்டர் பெர்னதெத் ஸ்கேலாலயே போடுவாங்க. எழுதியும் எனக்குக் கணக்கு தப்பாத்தான் வந்துது. அதுக்கு இயேசு என்ன பண்ணுவார்?"

ஸ்ரீரஞ்சனி எழுந்துவிட்டாள். "ஐஞ்சு மணிக்கு டேப் ஏறினா எல்லாச் சாமியும் துடைஞ்சு போயிடும், இல்லையா? அந்த லிஸ்ட் காப்பி உங்கிட்ட இருக்கா?"

லவினா கைப்பையிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள்.

கீழே வந்தபோது மணி மூன்று இருபது.

"டெம்ப்பை மறந்துடு முத்து. எந்தச் சாமியும் எழுதாத ஃபைல் எத்தனைன்னு பாரு."

"இருக்கறதை விட்டுட்டு இல்லாததைத் தேடச் சொல்றீங்க."

"நம்ம தொழிலே அதுதானே. மாப்பிள்ளைகிட்ட என்னென்ன இருக்குன்னு தரகரே சொல்லிடுவார். என்ன இல்லைன்னு நாமதான் சொல்லணும்."

முத்து தட்டினான். இந்த முறை திரை சீக்கிரமே நின்றது. 211.

"லவினா எண்ணினது இருநூத்திப் பன்னெண்டு," என்றான் முத்து. "பொண்ணுக்கும் என்னை மாதிரி கணக்கு வராதோ?"

"அவளுக்குக் கணக்கு வரும். திங்கட்கிழமை சாமி இல்லாம இருந்த ஒரு ஃபைலுக்கு அப்புறம் சாமி வந்திருக்கு. எதுன்னு லிஸ்ட்டை வச்சு அடி."

பென்சிலை எடுத்துக்கொண்டு இருவரும் ஒவ்வொரு பேராக அடித்தார்கள். ஆறாயிரத்து முந்நூறு ஃபைலில், லட்சத்துப் பதினாலாயிரம் டெம்ப்பில் எண்பது நாள் தேட வேண்டியது, அரைமணி நேரத்தில் அடிபடாத ஒரே ஒரு பேராக மிஞ்சியது. லவினாவின் ஃபோல்டரில், அவள் பாக்கி வைத்திருந்த பன்னிரண்டில் ஒன்று. முத்து திறந்தான். முதல் வரியைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"மேடம், இது எங்க சாமி இல்லையே."

எம்.டி. பழனிச்சாமி கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்துகொண்டிருந்தவர். கல் தேயும், சாஃப்ட்வேர் தேயாது என்று மருமகன் சொன்னதைக் கேட்டு பெங்களூருக்கு வந்தவர். நாலு முப்பத்தைந்துக்கு அவர் அறையில் எல்லோரும் கூடினார்கள். டிஸ்மிஸல் லெட்டர் அவர் முன்னால் இருந்தது. பேனா மூடியைத் திறந்தே வைத்திருந்தார்.

"கிடைச்சுதுங்களா அம்மணி?"

"கிடைச்சுது. லவினா ஃபோல்டர்லதான் இருந்துது."

லவினா ஸ்ரீரஞ்சனியைத் திரும்பிப் பார்த்தாள். சேஷகிரி, "நான் அப்பவே சொன்னேனே சார்," என்றார். பழனிச்சாமி பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சார். அந்த ஃபோல்டர்ல எழுதக்கூடியவங்க ரெண்டு பேர்தான். ஒண்ணு லவினா. இன்னொண்ணு பாஸ்வேர்டு கவரைப் பீரோவுல வச்சு, சாவியை இடுப்புல வச்சிருக்கறவர். இதை அவர்தான் எங்கிட்ட சொன்னார்." ஸ்ரீரஞ்சனி பிரிண்ட் எடுத்த தாளை மேஜைமேல் வைத்தாள். "லவினா முடிச்ச முந்நூத்தி இருபத்தெட்டு ஃபைல்லயும் முதல் வரி ஜே.எம்.ஜே. இதுல மட்டும் ஸ்ரீன்னு இருக்கு."

சேஷகிரி கலகலவென்று சிரித்தார். "மேடம், இந்த ஆபீஸ்ல ஸ்ரீ எழுதறவங்க ஒன்பது பேர். டெம்ப்பாவது ஒரு லட்சம்தான், ஸ்ரீ தெருவுக்குத் தெரு இருக்கு. பழி மத்தவங்க மேல விழட்டும்னு அவளே ஸ்ரீன்னு போட்டிருப்பா. கல்யாண விசாரணைக்கு இது போதும். இங்க போதாது."

பழனிச்சாமி தலையை மெல்ல ஆட்டினார். சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. முத்து முதல்முறையாக ஸ்ரீரஞ்சனியைக் கவலையோடு பார்த்தான். கூரியர்காரர் வந்துவிட்டதாகக் கீழேயிருந்து இன்டர்காமில் சொன்னார்கள்.

"இருக்கலாம் சார்," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "எங்களுக்குப் புரோகிராம் தெரியாது. லவினா, இந்த வெடி எப்படி வேலை செய்யும்னு நீயே எம்.டி.க்குச் சொல்லிடும்மா. அப்புறம் அவர் கையெழுத்து போடட்டும்."

லவினா தாளை வாங்கினாள். படித்தாள். நெற்றி சுருங்கியது. மறுபடி முதலிலிருந்து படித்தாள். நிமிர்ந்து பழனிச்சாமியைப் பார்த்தாள்.

"இது வெடிக்காது சார்."

"என்ன கண்ணு சொல்ற?"

"எழுதினவருக்குப் புரோகிராம் தெரியாது சார். நேத்து சேர்ந்த ட்ரெய்னிகூட இப்படி எழுத மாட்டான். வருஷம் 99-ஐத் தாண்டினா எல்லாத்தையும் அழின்னு போட்டிருக்கு. ஆனா அது தாண்டவே தாண்டாது. ரெண்டாயிரம் வந்தாலும் மூவாயிரம் வந்தாலும் இது சும்மாதான் உட்கார்ந்திருக்கும்."

சேஷகிரியின் காது மடல் சிவந்தது. "ஏன் தாண்டாது?"

"தாண்டாது சார். அடிப்படையே தப்பு."

"என்ன தப்பு? டெம்ப்புக்கு மூணு இடம் ஒதுக்கியிருக்கேன், நூறு வந்தா தாராளமா உட்காரும். ஆறு வருஷம் எழுதலைன்னா எல்லாம் மறந்துடுமா? என்னைப் போய் ட்ரெய்னி கூட..."

பழனிச்சாமி மெல்லச் சேஷகிரி பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க சார்," என்றான் முத்து. "முதல் பத்துப் பேர்ல ஒருத்தர்."

லவினா எதையும் கவனிக்கவில்லை. பதினாலு மாதப் பழக்கம், தப்பைப் பார்த்தால் விளக்காமல் இருக்க முடியவில்லை அவளுக்கு. "டெம்ப்புக்கு மூணு இடம் சரிதான் சார். இந்த ஃபைலை இன்னும் திருத்தலையே, அதுல வந்து விழற வருஷத்துக்கு ரெண்டு இடம்தானே இருக்கு? 99-க்கு அடுத்து 00 தான் வரும், நூறு எங்கேருந்து வரும்? இதைத் திருத்தத்தானே நாம எல்லாரும் இங்க உட்கார்ந்திருக்கோம்?"

பழனிச்சாமிக்கு அது சட்டென்று புரிந்தது. "மூணு லிட்டர் கிரைண்டரை வச்சுப்போட்டு ரெண்டு லிட்டர் மாவைப் போட்டிருக்கீங்க," என்றார் சேஷகிரியிடம். பேனாவை மூடினார். "சாவியை இங்க வையுங்க."

இடுப்பிலிருந்து சாவி வர வெகுநேரம் பிடித்தது. பிடிபட்டதைவிட, வெடிக்காத வெடியை வைத்தோமே என்பதுதான் அந்த மனிதரை அதிகம் வாட்டியது போலத் தெரிந்தது. போகும்போதும் அந்தத் தாளை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

"எதுக்குங்க அம்மணி இந்த வேலை?"

"லவினா கொடுத்த மெமோ உங்ககிட்ட வரக் கூடாதுன்னுதான் சார். இருநூத்திப் பன்னெண்டு ஃபைலை யாரும் தொடவே இல்லை. வெடி வச்சவள்னு பேர் வாங்கிட்டா அவ சொன்னதை யார் நம்புவாங்க? யாரும் தேட முடியாத பேரா பார்த்து வச்சு, நாலரைக்கு அவரே கண்டுபிடிக்கறதா திட்டம். வெளியாள் ஒருத்தர் கேள்வி கேட்காம சாட்சிக் கையெழுத்து போட்டா போதும். அதுக்குத்தான் எங்களைக் கூப்பிட்டார்."

"திட்டுதான் மேடம்," என்றான் முத்து. "சந்தேகமே இல்லை. ஆனா வெடி வைக்கறப்பவும் பிள்ளையார் சுழி மாதிரி ஸ்ரீ போட்டுட்டு வச்சார் பாருங்க, அந்த பக்தியை மெச்சணும்."

பழனிச்சாமி கூரியர்காரரைத் திருப்பி அனுப்பச் சொன்னார். பாக்கி ஃபைல்களுக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். மூன்று வாரம் என்றாள் லவினா. வேலை முடியவில்லை என்று அமெரிக்காவுக்கு அவரே ஃபோன் செய்ய வேண்டும். நினைத்தபோதே வியர்த்தது, துடைத்துக்கொண்டார். பிறகு டிஸ்மிஸல் லெட்டரைக் கையில் எடுத்தார்.

"இதைக் கிழிச்சுப் போடறேன் கண்ணு. மனசுல வச்சுக்காதே."

"கிழிச்சா போதாது சார்," என்றாள் லவினா. "காலையில இருபத்திமூணு பேர் முன்னாடி என்னை எழுப்பி அனுப்பினாங்க. இங்க கிழிச்சா அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க வீட்டுல போய் என்ன சொல்லுவாங்க? நான் செய்யலைன்னு அவங்க முன்னாடியே சொல்லணும்."

பழனிச்சாமி லெட்டரைக் கிழித்துக் கூடையில் போட்டார். பிறகு டைப்பிஸ்டைக் கூப்பிட்டு, ஸ்ரீரஞ்சனி சொல்லச் சொல்ல, கம்பெனித் தாளில் நாலு வரி அடிக்கச் சொன்னார்.

ஐந்து மணிக்கு ஹாலின் நடுவே வந்து நின்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். ஆபீஸ் வழக்கப்படி லெட்டர் இங்கிலீஷில் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையாக விரலை வைத்துப் படித்தார். நாசவேலை என்பதற்கு உரிய இங்கிலீஷ் வார்த்தை வந்ததும் தடுக்கியது, மூன்று முறை முயன்றார். எதற்கெடுத்தாலும் சிரிக்கும் அந்த ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை. படித்து முடித்துத் தாளை மடித்துக்கொண்டு, "இதுல எழுதாதது ஒண்ணு இருக்குதுங்க," என்றார் தமிழில். "விசாரிக்காமக் கையெழுத்துப் போட இருந்தவன் நானு. தப்பு என்னோடது."

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத லவினா அப்போதுதான் அழுதாள்.